பிறந்த நேரம்: பிற்பகல் மூன்று இருபது

கார்த்திகை 12, திங்கள்

நீறு அணிந்து, பதிகம் ஓதி, காப்பியை வழக்கம்போல் நானே கலந்து குடித்து, இக்குறிப்பைத் தொடங்குகிறேன். எழுபத்தாறு வயதில் நாட்குறிப்பு எழுதப் புகுந்ததற்குக் காரணம் பக்தி அன்று, எச்சரிக்கை. நாளை எவரேனும் "அன்று நீர் என்ன கண்டீர்?" என்று வினவினால் விடை சொல்லத் தேதி வேண்டும்.

எங்கள் சைவ சபைக்குத் திருநெல்வேலியில் மூன்று அறங்கள்: பிரசவ மருத்துவமனை, பெண் குழந்தைகள் இல்லம், திருமணத் தகவல் நிலையம். மூன்றாவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் பொறுப்பாளன். ஜாதகம் கணிப்பவனும் நானே. மூன்றுக்கும் மூன்று கட்டடம், மூன்று கணினி, மூன்று தரவுத்தளம். ஒன்றன் முகத்தை மற்றொன்று அறியாது. அது நல்ல ஏற்பாடு என்றே இன்றுவரை எண்ணியிருந்தேன்.

இன்று செயலர் நெல்லைநாயகம் பியூலா என்ற பெண்மணியை அழைத்து வந்தார். பாளையங்கோட்டைக்காரர், நாற்பது வயது இருக்கும். மென்பொருள் எழுதுகிறவர்.

"ஐயா, மூணையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கப் போறதில்ல," என்றார். "அதது அங்கங்கயே இருக்கும். ஒரே செயலி மூணு பக்கமும் கதவத் திறந்து வச்சுக்கிடும். ஒரு பிள்ளையோட இல்ல நம்பரத் தட்டினா, பொறந்த நேரம் ஆஸ்பத்திரியில இருந்து வரும், கல்யாண விவரம் ஒங்ககிட்ட இருந்து வரும். எல்லாம் ஒரே பக்கத்துல."

"எதற்கு?" என்றேன்.

நெல்லைநாயகம் சிரித்தார். "எதுக்கா? இல்லத்துல வளந்த பிள்ளைய ஒரு சர்டிபிகேட்டுக்கு மூணு ஆபீஸ் ஏறி இறங்குது அண்ணாச்சி. வெயில்ல வந்து நிக்கிது பாவம். மார்கழி பொறக்கதுக்கு முன்னாடி, இருபத்தொம்பதாம் தேதி வியாழக்கிழமை திறந்திருவோம்."

மறுக்க இயலாத விடை. மறுக்க இயலாதவாறு அதை எவரோ முன்கூட்டியே ஆயத்தம் செய்திருக்கிறார்கள்.

கடவுச்சொல்லைக் கேட்டார் அப்பெண்மணி. குருவிடம் செவிவழி பெற்ற மந்திரத்தையே அதற்கு வைத்திருந்தேன். அதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைக்க நேர்ந்தது. அவர் பார்த்துவிட்டு, "இத ஊர்ல யாரும் கண்டுபிடிச்சிருவாங்களே ஐயா," என்றார்.

கார்த்திகை 13, செவ்வாய்

பூசை. காப்பி. அலுவலக அலமாரிக்குப் புதுப் பூட்டு.

கார்த்திகை 15, வியாழன்

முதற்சோதனை. இருபத்தெட்டு முதல் முப்பத்திரண்டு வயதுவரை மணமகன் வேண்டும் என்று செயலியில் கேட்டார் பியூலா. வந்தவை பதினேழு ஆண் சிசுக்கள், அனைவரும் போன மாதம் பிறந்தவர்கள், வயது நாளில், எடை கிராமில்.

"மாப்பிள்ள மூணே முக்கால் கிலோ," என்று நெல்லைநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எந்தத் தரவுத்தளத்தில் தேட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளாவிட்டால், முதலில் எழுதி வைத்த தரவுத்தளத்துக்கே செயலி போய்விடுமாம். முதலில் எழுதப்பட்டிருந்தது மருத்துவமனை. பியூலா நாவைக் கடித்துக்கொண்டு திருத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மருத்துவமனையை முதலில் வைக்கச் சொன்னவர் யார்?

கார்த்திகை 16, வெள்ளி

எவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் செயலி அதைக் குறித்து வைக்கிறது என்று அறிந்தேன். அந்தக் குறிப்பை நாள்தோறும் எனக்கு அச்சிட்டுத் தரவேண்டும் என்றேன். பியூலா தயங்காமல் தந்தார். தயங்காமல் தந்தது ஏன் என்பது வேறு கேள்வி.

நேற்று ஒரே நாளில் இல்ல எண் 118 நான்கு முறை திறக்கப்பட்டிருக்கிறது.

"ஏனம்மா, இத்தனை எண்கள் இருக்க 118-ஐ மட்டும் நான்கு முறை?"

"மூணு இடத்துலயும் பேரு இருக்கவங்க மொத்தமே பதினாலு பேருதான் ஐயா. நம்ம ஆஸ்பத்திரியில பொறந்து, நம்ம இல்லத்துல வளந்து, நம்ம நிலையம் மூலமாக் கல்யாணம் ஆனவங்க. அந்தப் பதினாலையும் ஒத்துப் பாத்தேன். பதிமூணு சரியா இருக்கு. 118-ல மட்டும் செவப்பு விழுது."

"சிவப்பு என்றால்?"

"பொறந்த நேரம் ஒத்து வரல. ஆஸ்பத்திரியில பிற்பகல் மூணு இருபது. ஒங்க நிலையத்துல முற்பகல் பதினொண்ணு இருபது."

எழுதும்போது நேர்ந்த பிழையாக இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம் ஐயா. ஆனா எது பிழைன்னு செயலிக்குத் தெரியாதே. ரெண்டு இடம் ரெண்டு விதமாச் சொன்னா எத நம்பணும்னு நீங்கதான் ஒரு விதி எழுதித் தரணும். கமிட்டியில ஒங்களத்தான் சொல்லியிருக்காங்க."

என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சபையில் ஒன்பது உறுப்பினர் இருக்க, என்னை.

கார்த்திகை 19, திங்கள்

இப்பெண்மணிக்குப் "படிக்க மட்டும்" உரிமை என்கிறார்கள். உண்மையில் அவர் என் ஏட்டில் எழுதவும் வல்லவரா என்று அறிய, ஒரு பொய்ப் பதிவை இட்டு வைத்தேன். மணமகன் பெயர் பூதலிங்கம், பட்டதாரி, சொந்த வீடு. எவரேனும் அதில் கை வைத்தால் அகப்படுவார்கள்.

பிற்பகல் பியூலாவே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பூதலிங்கம்னு ஒரு மாப்பிள்ள. வருசத்தத் தப்பாப் போட்டுட்டீங்க போல, நூத்தியாறு வயசு காட்டுது. நான் தொட முடியாது, நீங்கதான் மாத்தணும்."

ஆக, தொட முடியாது. அல்லது, தொட முடியாது என்று நான் நம்ப வேண்டும்.

பூதலிங்கத்தை நீக்க மறந்தேன்.

கார்த்திகை 20, செவ்வாய்

காலை காப்பிக்குப் பால் பொங்கி அடுப்பு நனைந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் கையில் தொலைபேசியுடன் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, சபையில இருந்து மெசேஜ் வந்திருக்கு. 'உங்கள் பக்கத்தைச் சரிபார்க்கவும்'னு. அடுத்த வியாழக்கெழம திறக்குமாம். நம்பர் 118-னு போட்டிருக்கு. என்ன மாமா பாக்கணும்?"

"பெயர், முகவரி. அவ்வளவுதான்," என்றேன்.

"அடுப்ப நான் தொடைக்கட்டுமா?"

"வேண்டாம்."

இனியும் எழுதாமல் விட்டால் இக்குறிப்புக்குப் பொருளில்லை. 118 என் மருமகள்.

கார்த்திகை 22, வியாழன்

நேரம் மாறியது எவ்வாறு என்பதை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

அவள் பிறந்தது எங்கள் மருத்துவமனையில். ஈன்றவள் மூன்றாம் நாள் இறந்தாள். உறவென்று எவரும் வரவில்லை. இல்லம் வளர்த்தது. என் மகன் வேலாயுதத்துக்கு அவளை மணமுடிக்க விரும்பியவன் நான். இல்லத்துப் பெண்ணைப் பொறுப்பாளனே மருமகளாக ஏற்றால் ஊர் பின்தொடரும் என்று நினைத்தேன். மகனுக்கும் விருப்பம். பிற்பகல் மூன்று இருபதுக்குக் கணித்துப் பார்த்தேன். ஆயில்யம்.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊர் நம்புகிறது. நூல்களில் அதற்கு ஆதாரம் இல்லை என்று சபை மேடையில் இரண்டு மணி நேரம் உரையாற்றியவன் நான். ஆனால் என் மனைவி ஆவுடையம்மாள் மேடைக்கு வந்தவள் அல்லள். ஆயில்யம் என்று தெரிந்தால் அவள் இசையமாட்டாள். அன்று பூசம் நண்பகல்வரை இருந்தது. நேரத்தை நான்கு மணி நேரம் முன்னகர்த்தினேன். பூசம் ஆயிற்று. ஆவுடை ஜாதகத்தை வாங்கி ஒரு முறை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஆவணியில் திருமணம். அடுத்த ஆண்டுக் கார்த்திகையில், சிறுநீரகம் பழுதுற்று, ஆவுடை இறைவனடி சேர்ந்தாள்.

இரண்டுக்கும் தொடர்பில்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். அஞ்சுவது மருமகளுக்காக மட்டுமே. அடுத்த வியாழனன்று அச்சிவப்பு வரியைக் கண்டு, ஒருவரிடம் கேட்டு, தன் நட்சத்திரம் இன்னதென அறிந்தால், அத்தையின் சாவைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள். அதைத் தடுப்பது என் கடமை.

பிற்பகல் பியூலாவிடம், என் நிலையத்தின் பதிவையே நம்புக என விதி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதலாம் ஐயா. பக்கத்துல பதினொண்ணு இருபதுதான் வரும். ஆனா ஆஸ்பத்திரி சொல்றதும் கீழ சின்ன எழுத்துல நிக்கும். மறைக்கக் கூடாதுன்னு கமிட்டி தீர்மானம்." பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். "இன்னொண்ணு பாத்தீங்களா? இந்தப் பொறப்புப் பதிவுக்கு ஒரு நகல் குடுத்திருக்காங்க. இருபத்தாறு வருசத்துக்கு முன்ன, ஆடி மாசம்."

திருமணத்துக்குப் பதினாறு நாள் முன்பு.

"யாருக்கு?"

"பேரு ஏத்தல ஐயா, தேதி மட்டும்தான். கையெழுத்து வாங்குன பழைய நோட்டு ஆஸ்பத்திரியில இருக்கும்."

ஆக ஒருவருக்குத் தெரியும். தெரிந்து, இருபத்தாறு ஆண்டுகள் வாய் திறவாமல் இருக்கிறார்.

கார்த்திகை 23, வெள்ளி

அக்காலத்தில் மருத்துவமனைப் பொறுப்பு நெல்லைநாயகத்திடம் இருந்தது. இதை எப்படி மறந்தேன்?

இன்று கமிட்டியில் என் தோளில் தட்டி, "அண்ணாச்சி பொருத்தம் பாத்தா தப்பாது. சொந்த மருமகளையே பாத்து எடுத்த கையில்லா!" என்றார். எல்லோரும் தலையசைத்தனர். அவர் மட்டும் என்னை நேராகப் பார்த்தார். விதி எழுதும் பணியை என்னிடம் தள்ளியவரும் அவரே. மூன்றையும் இணைக்கும் யோசனையும் அவருடையதே.

கார்த்திகை 24, சனி

ஆவுடையின் திதி. வேலாயுதம் வேலை பார்க்கும் சாத்தூரிலிருந்து வந்தான். சமையற்காரர் வந்தார். இலை போட்டதும் படத்துக்கு விளக்கேற்றியதும் நான். மருமகள் முற்றத்து ஓரம் நின்றாள். உதவிக்கு வரலாமா என்று கேட்டாள். ஆசாரம் கருதி வேண்டாம் என்றேன், ஆண்டுதோறும் சொல்வதுபோல்.

வேலாயுதம் சாப்பிடும்போது, "அப்பா, அவ கையால அம்மாவுக்கு ஒரு வெளக்குகூட ஏத்துனது கிடையாது. இத்தன வருசம் ஆச்சு," என்றான்.

பாயசத்தில் ஏலக்காய் அதிகம் என்று சமையற்காரரிடம் சொல்லப் போய்விட்டேன்.

கார்த்திகை 25, ஞாயிறு

மூன்று முறை பதிகம் தொடங்கினேன். மூன்று முறையும் இரண்டாம் பாட்டில் மறதி.

கார்த்திகை 26, திங்கள்

மருத்துவமனை ஆவண அறைக்குச் சென்றேன். பென்சில் சீவும் சிறு கத்தி ஒன்று சட்டைப்பையில் இருந்தது. நான் பென்சில் பயன்படுத்துபவன்.

கோலப்பன் என்பவர் அங்கே காப்பாளர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எந்த வருசம் சொன்னிய? ஆடியா? இருங்க, அந்த நோட்டுக்கு மேல ரெண்டு மூட்ட இருக்கு." தும்மிக்கொண்டே எடுத்து வந்து மேசையில் வைத்தார். "பாத்துக்கிட்டு இருங்க, நான் போயி ஒரு டீ சொல்லிட்டு வாரேன்."

அறையில் நான் மட்டும். நகல் பெற்றவர்கள் பதிவேடு. நெல்லைநாயகத்தின் கையெழுத்தை நான் அறிவேன். அதைக் காண்பேன் என்ற உறுதியோடுதான் தாள்களைப் புரட்டினேன். கண்டபின் அத்தாளை என்ன செய்வது என்பதையும் ஒருவாறு தீர்மானித்திருந்தேன்.

ஆடி பதினெட்டு. வரிசை எண் ஏழு. பிறப்பு: பெண், பிற்பகல் மூன்று இருபது. நகல் பெற்றவர் கையொப்பம்: ச. ஆவுடையம்மாள்.

வரியின்மேல் நில்லாமல் வலப்புறம் ஏறிச் செல்லும் அவள் கையெழுத்து. பால் கணக்கிலும், வேலாயுதத்தின் பள்ளி அறிக்கையிலும் நான் ஆயிரம் முறை கண்டது. ஐயமில்லை.

அடுத்த கட்டம்: குழந்தைக்கு உறவுமுறை. அதில் எழுதியிருந்தாள்: மாமியார்.

திருமணம் ஆவணி மூன்றாம் நாள். பதினாறு நாள் முன்னரே எழுதியிருக்கிறாள்.

கோலப்பன் தேநீருடன் வந்தபோது, "கிடைச்சுதா?" என்றார். கிடைத்தது என்றேன். "நகல் வேணுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டும் என்றேன். பதிவேட்டில் கையொப்பம் இடச் சொன்னார். உறவுமுறைக் கட்டத்தில் என் பேனா நெடுநேரம் நின்றது. பிறகு எழுதினேன்: மாமனார்.

கத்தியை வரும் வழியில் எங்கோ வைத்துவிட்டேன்.

கார்த்திகை 27, செவ்வாய்

நாள் முழுதும் ஐயம் ஒன்றே. எதற்காகப் போய் நகல் வாங்கினாள்? என்மேல் நம்பிக்கை இல்லாமல்தானே? நான் நேரத்தை மாற்றக்கூடியவன் என்று எவ்வாறு உணர்ந்தாள்? உணர்ந்தபின் ஏன் மறுக்கவில்லை? "நல்லாத்தான் இருக்கு" என்றவள் எந்த முகத்தோடு சொன்னாள் என்று நினைவுகூர முயல்கிறேன். அன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்தே கண்டுபிடித்திருப்பாள்.

கார்த்திகை 28, புதன்

காலை பத்து மணிக்கு மருமகளை அழைத்தேன். கூடத்தில் அமரச் சொன்னேன், அவள் நின்றாள். நகலை அவள் கையில் கொடுத்தேன். மேடையில் பேசுவதுபோல் முன்னுரையோடு தொடங்கினேன்: காலக்கணிதம், மக்கள் நம்பிக்கை, நூல்களின் நிலைப்பாடு.

அவள் தாளைப் படித்துவிட்டு, "ஆயில்யம்தானே மாமா?" என்றாள்.

"யார் சொன்னார்கள்?" என்றேன்.

"அத்த சொல்லிட்டாகளே. கல்யாணத்துக்கு மொத நாள் இல்லத்துக்கு வந்தாக. தனியாக் கூப்புட்டு, 'நீ ஆயில்யம். எவளாவது வந்து குசுகுசுன்னா பயப்படாத, எனக்குத் தெரிஞ்சுதான் ஒன்ன எடுக்கேன்'னாக. அப்பறம் சிரிச்சாக. 'ஒங்க மாமா நேரத்த மாத்தி எழுதி என்னய ஏமாத்திப்புட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காக. தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாத, பாவம், வாடிப்போவாக'னாக."

"இத்தனை ஆண்டு நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"காட்டிக்கிடாதன்னு அத்த சொல்லிட்டாகளே." தாளை மடித்தாள், மீண்டும் விரித்தாள். "அத்த இருந்தவர நான்தான் மாமா ஒங்களுக்குக் காப்பி போடுவேன். அத்த போன பதினாறாம் நாள்ல இருந்து நீங்களாப் போட்டுக்கிடுதிய. வெளக்குப் பக்கம் விடமாட்டிய. ஆசாரம்னிய. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் விடை சொல்லியிருப்பேன்.

"அத்த நம்பல," என்றாள். "நீங்கதான் நம்பினிய."

எதிரே ஆவுடையின் படம். இருபத்தாறு ஆண்டுகளாகக் கணினிக்கும், ஊருக்கும், நெல்லைநாயகத்துக்கும் அஞ்சி ஒன்றை ஒளித்து வைத்ததாக நினைத்திருந்தேன். ஒளித்ததை இவள் நாள்தோறும் அடுக்களை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கும் சொற்கள் செய்யுளில் எனக்கு எத்தனையோ தெரியும். "உலகம்மை" என்றேன். அவள் பெயர் அது. கடைசியாக எப்போது அழைத்தேன் என்று நினைவில்லை.

கார்த்திகை 29, வியாழன்

செயலி திறக்கப்பட்டது. தேவாரம் பாடினார்கள். நெல்லைநாயகத்திடம் இரண்டு முறை தேவையின்றி நன்றி சொன்னேன், "என்ன அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

பியூலாவிடம் விதியை எழுதிக் கொடுத்தேன்: பிறந்த நேரத்தில் பதிவுகள் மாறுபடுமாயின் மருத்துவமனைப் பதிவே சரி. திருமண நிலையத்தின் பதிவு பொறுப்பாளரால் மாற்றி எழுதப்பட்டது எனக் கீழே குறிக்கவும்.

அவர் படித்துவிட்டு, "ஒங்க பேரு வருமே ஐயா?" என்றார்.

"காந்திமதிநாதன் என்று முழுதாக வரட்டும்."

பூதலிங்கத்தை நீக்கினேன். இரண்டு பெண் வீட்டார் விசாரித்திருந்தார்களாம்.

மார்கழி 1, வெள்ளி

விடியலில் எழுந்து நீராடி, பதிகம் முழுவதும் ஓதினேன். அடுக்களைக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். நெடுநேரம் எவரும் வரவில்லை; ஒருவேளை வரமாட்டாள் என்று நினைத்தேன்.

உலகம்மை முதலில் ஆவுடையின் படத்துக்கு விளக்கேற்றினாள். என்னைக் கேட்கவில்லை. பிறகு உள்ளே போய்த் தம்ளரோடு வந்தாள்.

"சரியா இருக்கா மாமா?" என்றாள்.

சர்க்கரை மிக அதிகம். மருத்துவர் எனக்கு விலக்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன; காப்பியை நானே கலந்துவந்ததில் அவளுக்கு அது தெரிய வழியில்லை.

சரியாக இருக்கிறது என்றேன். நாளை சொல்லிக்கொள்ளலாம்.